முட்டைக் குழி

செங்கமலத்தின் கோழிகளுக்குச் சளி பிடித்தது சித்திரைக் கடைசியில். அதுவரைக்கும் ஒரே கொளுத்தல். சுரங்கத்து மண்மேட்டைத் தாண்டி வருகிற காற்றில் புழுதியைத் தவிர வேறொன்றும் இல்லை. முந்திரிக்கொட்டை பொறுக்கப் போன பெண்கள்கூட வெயில் ஏறுமுன்பே தலையில் துணியைப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். திடீரென்று ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்து, ஆலங்கட்டியோடு மழை பிடித்துக்கொண்டது. கோழிக்கொட்டகையின் தென்புறத்துச் சாக்குப்படுதா காற்றில் கிழிந்து தொங்கியது. தரையில் பரப்பியிருந்த கடலைத்தோல் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. அதை அள்ளிக் கொட்டி, மண்டியில் சொல்லிப் புதுத்தோல் வாங்கிப் பரப்புவதற்குள் கோழிகள் ஈரத்திலேயே கிடந்தன.

ஒருநாள் காலையில் தண்ணீர் வைக்கப் போன செங்கமலம் தும்மல் சத்தம் கேட்டு அப்படியே நின்றாள். கோழி தும்முவதைக் கேட்காதவர்களுக்கு அது ஏதோ கூழாங்கல்லைத் தட்டுகிற சத்தம் போலத்தான் இருக்கும். அவளுக்குத் தெரியும். மூலையில் ஒரு கோழி கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஒரு பக்கத்து முகம் புடைத்து, மூக்கில் நுரை கட்டியிருந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. மூஞ்சி வீங்கிகினு நிக்குது இது."

சக்கரபாணிக்கு அன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட். வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடியே வந்தான். வலது காலை லேசாகச் சாய்த்து நடப்பான். போன ஐப்பசியில் பட்ட காயத்தின் மிச்சம் அது.

"மழையில நனஞ்சிதுங்க இல்ல, சளி புடிச்சிருக்கும். அந்த டானிக்க கொஞ்சம் தூக்கலா போடு."

"நனஞ்சிதுங்களேன்னு நேத்தே போட்டன்."

"அய்யாசாமிகிட்ட கேட்டியா?"

"நேத்தே போன்ல கேட்டன். சளி வந்தா ரெண்டு பங்கா போடும்மாங்கறாரு."

"அப்ப போடு. அவுருக்குத் தெரியாததா."

அவர்களுடைய நிலம் சுரங்கத்துக்குப் போனபிறகு மிஞ்சியது வீடும், வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரமும், கொஞ்சம் மேட்டு மண்ணும்தான். சக்கரபாணி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கரி ஏறிப்போகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணையும் கரியையும் மண்வெட்டியால் வாரி மேலே போடுகிற வேலை. பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. ஒரே மகள் தமிழ்நிலா திருவதிகையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகள் போனதும் வெறிச்சோடிப்போன வீட்டில் செங்கமலம் கோழி வளர்க்கப்போகிறேன் என்றாள். இருநூறு சொச்சம் கோழிகள், செம்பட்டை நிறம், முட்டைக்கென்றே வளர்க்கிற இனம். சக்கரபாணி மூங்கிலும் பழைய தகரமும் சேர்த்துக் கொட்டகை போட்டுக் கொடுத்தான். கதவுக்கு மேலே யாரும் கேட்காமலேயே மயில்நீல பெயிண்டில் அவள் பேரை எழுதிவைத்தான். 'ங்'குக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டான். அது அப்படியே இருக்கிறது.

டானிக் என்று அவர்கள் சொன்னது ஒரு மஞ்சள் தூள். மந்தாரக்குப்பத்தில் தீவனக்கடை வைத்திருக்கும் அய்யாசாமி, தீவன மூட்டையோடு சேர்த்துக் கொடுப்பார். தண்ணீரில் கரைத்தால் எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும். சீக்கே வராது, முட்டையும் நிறைய விழும் என்பார். அவர் சொன்ன மாதிரியே செங்கமலமும் மாதத்தில் சில நாள் கலக்கி வைப்பாள். வெயில் காலத்தில் கூடவே போடுவாள். பிள்ளைகளுக்குச் சத்துமாவு கரைத்துக் கொடுக்கிற அக்கறையோடுதான் செய்தாள்.

இந்தத் தடவை சளி டானிக்குக் கேட்கவில்லை. இரண்டு பங்கு போட்டாள். ஒன்று செத்தது. மூன்று பங்கு போட்டாள். மறுநாள் விடிந்தபோது கூரைக் கம்பத்தடியில் நாலைந்து விறைத்துக் கிடந்தன. கொட்டகைக்குள் அழுகின மீன் நாற்றம் போல ஒன்று அடித்தது. அவள் செத்த கோழியை மடியில் போட்டுக்கொண்டு அழுததைப் பார்த்து சக்கரபாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாத்துக்கு அழுவுற? மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போ. புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்குதாம், நல்லா பாக்குதாம். அந்த டானிக்கு பாக்கெட்டையும் எடுத்துகினு போ. இன்னா குடுத்தன்னு கேப்பாங்க."

ஒயர்கூடையில் உயிருள்ள கோழி ஒன்றை வைத்து, மேலே பழைய சேலைத்துணியைப் போட்டு மூடிக்கொண்டு, அவள் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். கோழி வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் சண்முகப்பிரியா சின்ன வயசுதான். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தாள். கோழியின் வாயைத் திறந்து பார்த்து, மூக்கை லேசாக அழுத்தி, பஞ்சு சுற்றிய குச்சியில் சளியைத் தொட்டெடுத்து ஒரு குழாயில் போட்டு மூடினாள்.

"இதுவரைக்கும் என்னம்மா குடுத்தீங்க?"

"டானிக்குதாங்க டாக்டரம்மா. தண்ணில கலக்கி வெப்பன்."

பாக்கெட்டை வாங்கி, பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை இறக்கிப் படித்தாள்.

"இது டானிக் இல்லம்மா. ஆன்ட்டிபயாடிக். நமக்குப் புண்ணு, காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா குடுப்பாங்க இல்லையா, அந்த வகை மருந்து. எப்பலேர்ந்து குடுக்கறீங்க?"

"கோழி வாங்கன நாள்லேர்ந்து. சீக்கு வராதுன்னு சொன்னாருங்க."

"அப்போ சீக்கு இல்லாதப்பவும் குடுத்திருக்கீங்க."

"ஆமாங்க."

"அந்த முட்டையெல்லாம்?"

"வித்துகினுதான் இருக்கன். பொன்னம்மா மெஸ்ஸுக்குப் போவுது. மிச்சம் சுரங்கத்து குவாட்டர்ஸ்ல கேக்கறவங்களுக்கு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். வெளியே ஆட்டோடு ஒருத்தர் காத்திருந்தார். "கொஞ்சம் இருங்கய்யா" என்றுவிட்டுப் பேசினாள்.

"கோழிக்குக் குடுக்கற மருந்து கோழியோட நிக்காதும்மா. முட்டைக்குள்ளயும் வரும். அதனாலதான் மருந்து குடுக்கற நாள்லயும், நிறுத்தினப்புறம் கொஞ்ச நாளும் முட்டைய விக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாதுன்னு சொல்றோம். சில பேருக்கு அந்த மருந்து ஒத்துக்காம போகலாம். இன்னொண்ணு, சும்மா சும்மா குடுத்துட்டே இருந்தா கிருமி அந்த மருந்துக்குப் பழகிடும். அப்புறம் நெஜமா சீக்கு வர்றப்போ மருந்து வேலை செய்யாது. இப்ப உங்க கோழிக்கு நடக்கறது அதுவா இருக்கலாம். லேபுக்கு அனுப்பிப் பாத்துடலாம்."

செங்கமலத்துக்குக் கடைசியில் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. 'பழகிடும்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். போன ஐப்பசியில் முந்திரித் தோப்பில் விறகுக்குப் போன சக்கரபாணிக்குப் பாதத்தில் கட்டை ஏறி, அது புரையோடி, கணுக்கால் வரைக்கும் கறுத்துப்போனது. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி மாற்றி ஒரு ஊசி போட்டார்கள். எதற்கும் சீழ் நிற்கவில்லை. காலை எடுக்க வேண்டிவருமோ என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டதை அவள் கேட்டாள். "இந்தக் கிருமிக்கு இந்த மருந்தெல்லாம் பழகிப்போச்சும்மா, வேற குடுத்துப் பாக்கறோம்" என்று ஒரு டாக்டர் அவளிடம் சொன்னார். அப்போதும் அவள் தினமும் மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறி, இரண்டு அவித்த முட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சத்து உடம்பில் சேர்ந்தால் புண் ஆறும் என்று உரித்து உரித்துக் கையில் கொடுத்தாள்.

"டாக்டரம்மா, ஒன்னு கேக்கட்டுங்களா?" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

சண்முகப்பிரியா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"முட்டையாலதான் புண்ணு ஆறலன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. அந்தக் கிருமி எங்கேர்ந்து வேணா வந்திருக்கலாம்."

"முட்டையால இல்லன்னு சொல்ல முடியுங்களா?"

டாக்டர் அந்தப் பாக்கெட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"அதுவும் சொல்ல முடியாதும்மா."

இப்படி மறைக்காமல் சொன்னதாலேயே செங்கமலத்துக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. சீக்குக் கோழியைத் தனியாகப் பிரிக்கவேண்டும், தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் சுரண்டிக் கழுவவேண்டும், டாக்டர் எழுதிக்கொடுக்கிற மருந்தைச் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "நான் வந்து சொல்ற வரைக்கும் முட்டை ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது. நாய் தோண்டாத ஆழத்துல புதைச்சிடுங்க" என்று டாக்டர் சொன்னபோது மட்டும், "புதைக்கறதா?" என்றாள்.

"மனசு வராதுதான். வேற வழியில்லம்மா."

வீட்டுக்கு வந்தவள் சக்கரபாணியிடம் பாதியைத்தான் சொன்னாள். வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள், தொட்டியைக் கழுவச் சொன்னார்கள். மீதி வாயில் வரவில்லை. அவன் ஷிஃப்டுக்குப் போனபிறகு பலாமரத்துக்கு அந்தண்டை மண்வெட்டியால் குழி வெட்டினாள். சீக்கு வந்தும் முட்டை முழுக்க நிற்கவில்லை. சூடு ஆறாத முட்டைகளைக் கூடையில் எடுத்து வந்து, முதலில் ஒவ்வொன்றாகத்தான் குழியில் வைத்தாள், உடைந்துவிடக்கூடாது என்பது போல. பிறகு தன் புத்தியை நினைத்துச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. மண்ணைத் தள்ளி மிதித்தபோது காலுக்குக் கீழே மொறுமொறுவென்று நொறுங்கியது. அந்தச் சத்தம் அவளுக்கு உள்ளங்காலிலிருந்து பல்வரைக்கும் கூசியது.

மறுநாள் காலையில் சக்கரபாணி கூழும் கருவாடும் முடித்துவிட்டு, "இன்னா, இன்னைக்கு முட்ட இல்லியா?" என்றான். காயம் ஆறின பிறகும் அவித்த முட்டை கொடுப்பதை அவள் நிறுத்தியிருக்கவில்லை.

"கோழிங்க சரியா வுடல."

"செரி செரி. அதுங்க தேறட்டும் மொதல்ல."

அவன் ஒன்றும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான். அவன் சாய்ந்து நடக்கிற காலைப் பார்த்துக்கொண்டு அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முட்டை போகாததால் பொன்னம்மாள் போன் மேல் போன் அடித்தாள். போனில் சொல்லக்கூடிய சமாச்சாரமா? செங்கமலம் வெறுங்கையோடு மந்தாரக்குப்பத்துக்குக் கிளம்பினாள்.

பொன்னம்மாள் மெஸ் என்றால் பெரிய இடமில்லை. தகரக் கூரை, நாலு பெஞ்சு, சுவரில் வரிசையாக ஆணி. ஷிஃப்ட் முடிந்து வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள் ஹெல்மெட்டை அந்த ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார்கள். வடக்கேயிருந்து வந்த பையன்களும் உண்டு. அவர்களுக்கு முட்டைக் குழம்பு என்ற தமிழ் மட்டும் சுத்தமாக வரும். பிள்ளையில்லாத பொன்னம்மாளுக்கு அத்தனை பேரும் 'எம்புள்ளைங்க'. சக்கரபாணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செங்கமலத்துக்கு நாள் தவறாமல் தூக்குவாளியில் ரசம்சாதம் அனுப்பியவள் அவள்தான்.

"வாடி வா. எங்க முட்ட? வெறுங்கைய வீசிகினு வர்ற?" அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"கோழிக்கு மருந்து குடுக்கறன்க்கா. அது முடியற வரைக்கும் முட்ட தரமுடியாது."

"மருந்து குடுத்தா இன்னா? வேகவெச்சா எல்லாம் செத்துப்பூடும்."

"கிருமி சாவும்க்கா. மருந்து சாவாதாம். டாக்டரம்மா சொல்லிச்சி."

"அந்த டாக்டரம்மா வந்து எங்கடையில கொழம்பு வெக்கப்போவுதா? நாலு நாளு பொறுத்துக் குடு, போ. அதுக்கு ஏன் மூஞ்ச தொங்கப்போட்டுகினு நிக்கற?"

இத்தோடு திரும்பியிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. செங்கமலம் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அக்கா, இதுக்கு முன்ன குடுத்ததுலயும் இருந்திருக்குது. டானிக்குன்னு நெனச்சி நான் போட்டுகினு இருந்ததே அந்த மருந்துதானாம். ஆரம்பத்துலேர்ந்தே."

பொன்னம்மாளின் கரண்டி நின்றது.

"ஆரம்பத்துலேர்ந்தேன்னா?"

"நான் குடுத்த எல்லாத்துலயும்தான்க்கா."

"எம்புள்ளைங்களுக்கு நான் போட்டதெல்லாம்?"

"தெரியாம பண்ணிட்டன்க்கா. சத்தியமா தெரியாது எனக்கு."

வெங்காயம் தீய்ந்து புகை எழும்பியது. பொன்னம்மாள் அதைக் கவனிக்கவில்லை. பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"ஒன் வூட்டு முட்ட, ஒன் வூட்டு முட்டன்னு நம்பி வாங்கினனேடி. லாரி முட்ட வேணாம், இதுன்னா கண்ணெதிர்ல வளக்கறான்னு எல்லார்கிட்டயும் பீத்திகினு இருந்தனே. போ. எழுந்து போயிடு இங்கேர்ந்து."

செங்கமலம் உட்காரவே இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். அதைக்கூட பொன்னம்மாள் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து டீ குடிக்க மெஸ்ஸில் நுழைந்த சக்கரபாணிக்கு விஷயம் பெஞ்சில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பொன்னம்மாள் டீயைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை. அவன் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது செங்கமலம் பலாமரத்தடியில் மண்வெட்டியோடு நின்றாள். பக்கத்தில் கூடை நிறைய முட்டை. மேல்மூச்சு வாங்கியது அவளுக்கு. வெயிலில் முகம் கறுத்து, தலையெல்லாம் செம்மண்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான்.

அவள் காலால் கூடையைக் குழி ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. பொன்னம்மா மூஞ்சத் திருப்பிக்குது. இன்னாடா நடந்துச்சின்னு கேட்டா, ஒம்பொண்டாட்டிய போய் கேளுங்குது."

"ஒங்ககிட்டதாங்க சொல்ல முடியல."

"ஏன்?"

"ஒங்களுக்குத்தான தெனம் ரெண்டு குடுத்தன்." அவள் மண்வெட்டிக் காம்பில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "புண்ணு ஆறாம கெடந்தப்ப, காலு போயிடும்னு அவங்க பேசிகினு இருந்தப்ப, நான் உரிச்சி உரிச்சிக் குடுத்தனே. அந்த டாக்டர் சொன்னாரு இல்ல, கிருமிக்கு மருந்து பழகிப்போச்சின்னு. நானே பழக்கிவுட்டனோ என்னமோ. இப்பவும் நொண்டி நொண்டித்தான நடக்கறீங்க."

சக்கரபாணி சட்டைப்பொத்தானைக் கழற்றியபடி அவளையே பார்த்தான். வேலைச்சட்டையின் கரியும் வியர்வையும் காய்ந்து முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. பலாமரத்து வேரில் உட்கார்ந்தான்.

"ஏம்மே, ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"இன்னா?"

"எனக்கு அவிச்ச முட்டையே புடிக்காது."

அவள் நிமிர்ந்தாள்.

"சின்னதுலேர்ந்தே புடிக்காது. அந்த மஞ்சக்கரு இருக்குது பாரு, தொண்டையில போயி மண்ணு மாதிரி அடைக்கும். நீ பஸ்ஸுல அவ்ளோ தூரம் எடுத்துகினு வந்து உரிச்சிக் குடுக்கறியே, வேணாம்னு எப்படிச் சொல்றது? வெள்ளக்கருவ மட்டும் தின்னுட்டு மஞ்சக்கருவ காயிதத்துல சுத்தி ஜன்னலு வழியா போட்டுடுவன். காக்கா தின்னுகினு போவும். வூட்டுக்கு வந்தப்புறம் ஜன்னலு இல்ல. நீ எதிர்லயே ஒக்காந்து பாத்துகினு இருப்ப. முழுங்கித்தான் ஆவணும். நேத்து முட்ட இல்லன்ன பாரு, எனக்கு உள்ளுக்குள்ள எவ்ளோ நிம்மதின்னு நெனைக்கற?"

"நெஜமாவா?"

"ஒந்தலை மேல சத்தியமா."

செங்கமலத்துக்குக் கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. காலடியில் கிடந்த மண்ணாங்கட்டியை எடுத்து அவன்மேல் எறிந்தாள். அது அவன் தோளில் பட்டு உதிர்ந்தது. "காக்காய்க்கா போட்டீங்க? மழைல, காத்துல, அடிச்சிப்புடிச்சி வந்து குடுத்தா காக்காய்க்கு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் எழுந்து வந்து அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

"காலு எதுனால ஆறல, எதுனால ஆறுச்சின்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. நீ தெனம் வருவன்னு தெரியும். அந்த வாசப்படிய பாத்துகினே கெடப்பன். தள்ளு, நான் வெட்டறன். குழிய இப்பிடியா வெட்டுவாங்க? பெல்ட்டுக்குக் கீழ வாரி வாரிப் போடறவன வூட்ல வெச்சிகினு."

அன்றைக்கு முட்டையைப் புதைத்தது அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக அய்யாசாமி கடைக்குப் போனார்கள். சக்கரபாணி சண்டை போடுகிற முகத்தோடுதான் போனான். அய்யாசாமி பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி, படித்து, மறுபடி படித்தார். இங்கிலீஷ் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது.

"எனக்கு இப்படின்னு சொல்லலியேப்பா. வண்டில வர்றவன் சத்து மருந்து, கேக்கறவங்களுக்குக் குடுங்கன்னான். நான் எங்கூட்டு ஆடுங்களுக்கே போடறன்."

"போடாதீங்க" என்றாள் செங்கமலம். "அந்த டாக்டரம்மாகிட்ட ஒருவாட்டி போயி கேளுங்கண்ணே. நல்லா சொல்லுது. திட்டாது."

அய்யாசாமி அலமாரியில் அடுக்கியிருந்த மீதிப் பாக்கெட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். உடனே எடுத்துப் போட்டுவிடவில்லை. கடைக்காரர் அல்லவா. ஆனால் அவர்கள் இருக்கும்போதே டானிக் கேட்டு வந்த ஒருத்தரிடம், "இருப்பு இல்லப்பா, மாட்டாஸ்பத்திரில எழுதி வாங்கியா" என்றார். சக்கரபாணி சண்டையை அங்கேயே விட்டுவிட்டான்.

பிறகு வந்த நாட்களெல்லாம் வேலைதான். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து உள்பக்கத்தைத் தேங்காய்நாரால் தேய்த்தபோது மஞ்சள் பாசி திட்டுத்திட்டாக வந்தது. குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஓலை ஈர்க்கைவிட்டுக் குடைந்து கழுவினார்கள். சக்கரபாணி தென்புறத்துக்குப் பழைய பெல்ட் ரப்பரை வாங்கி வந்து படுதாவாகக் கட்டினான். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை செங்கமலம் தராசில் நிறுத்துப் போட்டாள். மிஞ்சிய கோழிகளின் முகவீக்கம் வடிந்தது. தும்மல் குறைந்தது. முட்டை மட்டும் ஒவ்வொரு நாளும் குழிக்குப் போயிற்று. அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்த்து, "பைத்தியம் புடிச்சிருக்குதா ஒங்களுக்கு?" என்பார்கள். "ஆமா" என்பான் சக்கரபாணி. குழி போதாமல் இன்னொன்று வெட்டினான்.

குவாட்டர்ஸில் வாடிக்கை வீடுகளுக்கும் செங்கமலம் போய்ச் சொன்னாள். சக்கரபாணி ஆஃப் நாளில் கூடவே போனான்; கேட்டுக்கு வெளியே வண்டியோடு நிற்பான். சிலர் "பரவால்லம்மா, சரியானதும் கொண்டா" என்றார்கள். ஒரு அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வீட்டில், "சொல்லாம இருந்திருந்தா நிம்மதியா சாப்பிட்டிருப்போமே" என்று சிரித்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். மெஸ் பக்கம் மட்டும் போகவில்லை. மந்தாரக்குப்பத்துக்குப் போனால் அடுத்த தெருவழியாகச் சுற்றி வந்தாள்.

சண்முகப்பிரியா ஸ்கூட்டியில் வந்து கொட்டகைக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு கோழியைத் தூக்கி மூக்கைப் பார்த்து, "நாளையிலேர்ந்து முட்டைய எடுக்கலாம்மா" என்றபோது வைகாசி பாதி முடிந்திருந்தது. செங்கமலம் அவளுக்கு ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டி ஸ்கூட்டியின் முன்னால் வைத்தாள். "வேணாம்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அட்டைகளில் அடுக்கின முட்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது. குவாட்டர்ஸில் பாதிதான் வாங்கினார்கள். மீதியை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு அவள் தீவனம் கலக்கும்போது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பொன்னம்மாள் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு அவள் எங்கேயும் போனதில்லை.

"எங்க காட்டு" என்றாள். வா என்று சொல்லக்கூட இடம் தரவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போனாள். தொட்டிக்குள் கையை விட்டு, விரலை மோந்து பார்த்தாள். தீவனத்தை உள்ளங்கையில் அள்ளி ஊதிப் பார்த்தாள். மருந்து வைக்கிற பலகையைத் தடவினாள். சக்கரபாணி பின்னாலேயே போய், "அக்கா, இந்தக் கொழாய நான்தான் கழுவனன்" என்றான். "நீ சும்மா இரு" என்றாள் பொன்னம்மாள். கடைசியில் பலாமரத்துக்கு அந்தண்டை போய், மண் இன்னும் இறுகாமல் கிடந்த குழிகளின் ஓரத்தில் நின்றாள்.

"இவ்ளோவையுமா பொதச்சீங்க?"

"ஆமாக்கா."

"லாரி முட்ட போடறவன் இருக்கான் பாரு" என்றாள், குழியைப் பார்த்தபடியே. "அவன்கிட்ட கேட்டன். ஏம்பா, இது மருந்து போட்ட கோழிதா, போடாததுதான்னு. சிரிக்கறான். ஒனக்கு முட்ட வேணுமா, ஜாதகம் வேணுமாங்கறான். பக்கத்து மெஸ்ஸுக்காரன்கிட்ட கேட்டன். அவனும் சிரிக்கறான். இத்தினி வருசமா எவனும் எங்கிட்ட வந்து இதுல இது இருக்குது, போடாதன்னு சொன்னதில்லடி. நீ ஒருத்திதான் வந்து சொன்ன. ஒன்னத்தான் ஒக்காருன்னு ஒரு வார்த்தகூட சொல்லாம வெரட்டிவுட்டன்."

"போக்கா. நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பன்."

"நீ பண்ணியிருக்க மாட்ட." பொன்னம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வெயிலுக்குத் துடைப்பது போலத்தான் இருந்தது. "வூட்ல வெங்காயம் இருக்குதா? தக்காளி?"

"இருக்குது. எதுக்கு?"

"ஒலைய வெய்யி."

செங்கமலம் சோற்றுக்கு உலை வைத்தாள். பொன்னம்மாள் அடுப்படியில் முட்டியை மடித்து உட்கார்ந்து, அரிவாள்மணையில் வெங்காயம் அரிந்து, பெரிய சட்டியாகக் கேட்டு வாங்கி, கொத்தமல்லியும் மிளகாயும் அம்மியில் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டாள். குழம்பு தளதளவென்று வந்ததும் அட்டையிலிருந்து முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டி ஓரத்தில் தட்டி, உடைத்து உள்ளே இறக்கினாள். வெள்ளைக்கரு குழம்பில் பூப்பூவாக விரிந்தது. சக்கரபாணி வாசற்படியில் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எத்தன அட்ட அனுப்பற?" என்றாள் பொன்னம்மாள், சட்டியிலிருந்து கண்ணைத் திருப்பாமலேயே.

"இருக்கறத எல்லாம் எடுத்துக்கோக்கா. மறுபடி எப்பனா மருந்து குடுக்கவேண்டி வந்தா சொல்லிடுவன். அந்த நாளு முட்ட வராது."

"வராட்டி போவுது. அன்னைக்கு எம்புள்ளைங்களுக்குப் பருப்பு ரசம்."

மூன்று பேருமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். பொன்னம்மாள்தான் பரிமாறினாள். முதலில் செங்கமலத்தின் தட்டில் இரண்டு முட்டையைப் போட்டு, குழம்பை ஊற்றி, "தின்னு. எளச்சிப்போயிட்ட" என்றாள். டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து செங்கமலம் முட்டையை வாயில் வைக்கவில்லை. ஒரு வாய் பிசைந்து எடுத்தாள். பொன்னம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா."

நூறு பேருக்கு உப்பு அள்ளிப் பழகின கை. குழம்பில் உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. சக்கரபாணி ஒரு வாய் வைத்ததும் செங்கமலத்தைப் பார்த்தான். செங்கமலம் அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.